சூலை தீர்ந்த ஊரும் பலாப்பழ ஊரும்

நமது நாட்டிலே ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு க்ஷேத்திரம் உண்டு. சுரம் கண்டவர்கள் காஞ்சிபுரத்தில் சுரஹரேசுவரர் சந்நிதியைத் தேடிப் போவார்கள். வியாதியின் பெயர் தெரியாதவர்களும், பெயர் தெரிந்து பயந்து போனவர்களும் வைத்தீசுவரன் கோயிலுக்குப் போவார்கள். வயிற்று நோய்க்கு என்றே ஏற்பட்ட ஸ்தலம் கெடில நதிக் கரையிலே உள்ள திருவதிகை வீரட்டானம். அப்பர் சுவாமிகளைப் பற்றிய சூலை நோய் தீர்ந்தது அங்கேதான்.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. திருவதிகைக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது பண்ருட்டி. பண்ருட்டி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒன்று பலாப்பழம், மற்றொன்று முந்திரிப் பருப்பு. வயிறு உப்புசமும் நெஞ்செரிச்சலும் உள்ளவன் எந்தப் பண்டங்களைக் கண்டால் சற்று ஒதுங்கிப் போக வேண்டுமோ, அந்த இரண்டும் அங்கே மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. நோயும் மருந்தும் இப்படி அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் ஊர் வேறு எங்காவது உண்டா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அந்த ஊருக்குச் சென்ற வைகாசி மாதத்தில் போய் வந்தேன். நான் போனதற்குப் பக்தி ஒரு காரணம். உறவு ஒரு காரணம். வயிறு மூன்றாவது காரணம். மூன்றாவதையே பிரதான காரணம் என்று சொன்னாலும் பிசகில்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயரின் வயிறு மணிக்குக் கட்டுப்பட்ட வயிறு. பசி வரும்போது வகுப்பு இருக்கும். சாப்பாடு வரும்போது பசி செத்துப் போயிருக்கும். இருபது நிமிஷத்தில் அள்ளி விழுங்கிவிட்டு, உடனே நின்றுகொண்டு உரத்த குரலில் பாடம் சொல்ல வேண்டும். இப்படிப் பல வருஷம் ஓட்டிய பிறகு, புளித்த ஏப்பமும், மாலையானால் மத்தளம் போல் உப்பும் வயிறும், நள்ளிரவில் தொண்டை வரை ஏறும் எரிச்சலும் எனக்கு நிரந்தர விருந்தாளிகள் ஆயின. வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் இல்லை, கிருமி இல்லை என்றார். சில வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார். கடைசியாக, "எந்த ஆகாரம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் சொல்ல முடியாது. அதை உங்கள் வயிறுதான் சொல்லும். அது சொல்வதை எழுதி வையுங்கள்" என்றார்.

எழுதி வைப்பது எங்கள் தொழில் அல்லவா? வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்தேன். தேதி, வேளை, என்ன சாப்பிட்டது, எவ்வளவு, பிறகு என்ன ஆயிற்று என்று ஐந்து பத்திகள். அந்த நோட்டுப் புத்தகமும் பண்ருட்டிக்கு வந்தது.

கூட வந்தவர் என் மனைவியின் தம்பி. அவருடைய மாமனார் வீடு பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பலாத் தோப்புக்கு நடுவிலே இருக்கிறது. மைத்துனருக்கு வயது முப்பத்தைந்து. கல்லைத் தின்றாலும் கரைக்கக் கூடிய வயிறு. இப்படிப்பட்டவர்களுக்கு வயிற்று நோய்க்காரர்களிடம் ஒரு இரக்கம் உண்டு. விழுப்புரத்தில் வண்டி மாறுவதற்காகக் காத்திருந்தபோது அந்த இரக்கத்தை அவர் காட்டத் தொடங்கினார்.

"மாமா, வெறும் வயிற்றோடு இருக்கிறதனால்தான் உங்களுக்கு எரிச்சல். சூடாக ஒரு காபி சாப்பிடுங்கள், சரியாகிவிடும்."

என் புத்தகத்திலே மிகவும் அதிகமாக ஆஜரான குற்றவாளி வெறும் வயிற்றுக் காபிதான். இரைப்பையில் சுரப்பது சாமானியமான திரவம் அல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. உணவுக் குழாய்க்கு அந்தப் பூச்சு இல்லை. குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போல ஒரு தசை இறுக்கிக் கொண்டிருப்பதால்தான் நாம் பிழைக்கிறோம். அந்தச் சுருக்கு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. அதற்குத்தான் நெஞ்செரிச்சல் என்று பெயர். காபி அமிலத்தைத் தூண்டும். சிலருக்குச் சுருக்கையும் தளர்த்தும். புகையிலையும் மதுவும் அப்படியே. கொழுப்பு மிகுந்த ஆகாரம் இரைப்பையிலே வெகுநேரம் தங்குவதால் அமிலம் மேலேறுவதற்கு அதிக அவகாசம் கிடைக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டாலோ கேட்கவே வேண்டாம். நிறைந்த குடத்தைச் சாய்த்தால் வழியத்தானே செய்யும்?

ஆகவே நான் இரண்டு இட்டிலியைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, நிதானமாக மென்று தின்றேன். பிறகு அரை டம்ளர் காபி சாப்பிட்டேன். காபியை அடியோடு விட்டுவிடும்படி என் நோட்டுப் புத்தகம் சொல்லவில்லை. இட்டிலிக்கு முன்னால் வரும் காபியை இட்டிலிக்குப் பின்னால் போடு என்றுதான் சொல்லியது. இரண்டாவது டம்ளரை மறந்துவிடு என்றும் சொல்லியது. மைத்துனர் இரண்டு வடையும் ஒரு காபியும் முடித்து, மீண்டும் ஒரு காபிக்குச் சொன்னார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்த உலகத்தில் நியாயம் இல்லை என்று வயிற்று நோய்க்காரன் நினைப்பது இம்மாதிரி சமயங்களில்தான்.

பண்ருட்டியில் இறங்கியதும் முதலில் வரவேற்பது வாசனை. வைகாசியில் அந்த ஊர்க் காற்றையே வில்லை போட்டு விற்கலாம். சாலை ஓரமெங்கும் முள் தோலோடு பழங்கள் அம்பாரமாகக் கிடக்கின்றன. சிறியது பானை அளவு. பெரியதை இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிறார்கள். வியாபாரிகள் பழத்தை விரலால் தட்டி, அது எழுப்பும் ஓசையைக் கொண்டே பக்குவத்தைச் சொல்லிவிடுகிறார்கள். என் வயிற்றைத் தட்டிப் பார்த்த வைத்தியரும் அப்படித்தான் செய்தார் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

கிராமத்துக்குப் போகும் வழியில் முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்றில் சற்று நின்றோம். முந்திரி நம் நாட்டு மரம் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தார்கள். ஆனால் இந்தச் செம்மண் அதைச் சுவீகாரம் செய்துகொண்டு சொந்தப் பிள்ளையாகவே வளர்த்துவிட்டது. வறுத்த கொட்டையை வரிசையாக உட்கார்ந்து பெண்கள் தட்டி உடைக்கிறார்கள். தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதற்காகக் கைகளில் சாம்பலைத் தடவிக்கொள்கிறார்கள். நாம் பாயசத்திலே தேடித் தேடி எடுத்துத் தின்னும் ஒவ்வொரு பருப்புக்கும் பின்னால் அந்தச் சாம்பல் படிந்த விரல்கள் இருக்கின்றன.

அவர்களில் ஒரு அம்மாள், நான் பருப்பை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு, "ஏன் ஐயா, ஒத்துக்காதா?" என்றாள்.

"நிறையத் தின்றால் வயிறு உப்புகிறது, அம்மா" என்றேன்.

"எனக்கும் எரிச்சல்தான் ஐயா. நான் பருப்பே தின்கிறதில்லை. காலையில் ஒரு டீ, அதோடு வேலைக்கு வந்தால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சோறு" என்றாள்.

அஜீரணம் என்பது மெத்தையில் உட்கார்ந்து நெய் தின்பவர்களின் வியாதி என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இந்தக் கொட்டகையிலே அந்த எண்ணம் நிற்காது. அதிகம் தின்பவனுக்கு எப்படி எரிகிறதோ, அப்படியே வேளை தப்பித் தின்பவளுக்கும் எரிகிறது. அவளுக்கு வேண்டியது மாத்திரை அன்று. காலை எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் பழைய சோறும் மோரும். வேலைக்கு விடும் நேரத்தை முதலாளிகள் சற்று மாற்றினால் அந்தக் கொட்டகையிலே பாதி எரிச்சல் தணிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

தோப்பு வீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். "வாருங்கள் தம்பி" என்று வாயார வரவேற்றுக் கயிற்றுக் கட்டிலைப் போட்டார். சுற்றிலும் பலா மரங்கள். அடி மரத்திலேயே, கைக்கெட்டும் உயரத்திலே, குழந்தைகள் தாயைக் கட்டிக்கொண்டிருப்பது போலக் காய்கள் தொங்குகின்றன. நடுநடுவே இளமரங்கள் அதிகம் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டேன்.

"தானே புயல், தம்பி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலம். என் தகப்பனார் வைத்த மரம், அவர் தகப்பனார் வைத்த மரம் எல்லாம் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. பலா முறிந்து கிடந்ததைப் பார்த்து இந்தத் தெருவே அழுதது. நீங்கள் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு வைத்தவை" என்றார்.

அப்படிப் பட்ட பழத்தை அவர் கையாலேயே பிளந்து, எண்ணெய் தடவிய விரல்களால் சுளை எடுத்து, வாழை இலையில் வைத்து நீட்டும்போது வேண்டாமென்று எப்படிச் சொல்வது? வயிற்று நோய்க்காரனுடைய பெரிய துன்பம் இதுதான். எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், அன்போடு கொடுப்பதை மறுக்கும்போது அவர்கள் முகம் வாடுகிறதே, அதைப் பொறுப்பது கஷ்டம்.

நல்ல வேளையாக விஞ்ஞானம் எனக்குத் துணை செய்தது. வயிறு உப்புவது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். 2005-ஆம் வருஷம் அவர்கள் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். சில வகைச் சர்க்கரைப் பொருள்களைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவை பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே உள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன; தண்ணீரும் அங்கே சேருகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால், முந்திரி இவற்றில் எல்லாம் இந்தச் சர்க்கரைகள் உண்டு. இவற்றுக்கு 'ஃபாட்மேப்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். குடல் மிருதுவாக உள்ளவர்களுக்குத்தான் இதனால் வேதனை, மற்றவர்களுக்கு இல்லை. என் மைத்துனர் எப்படித் தப்பிக்கிறார் என்பதற்கு இதுவே சமாதானம்.

ஆனால் அவர்கள் சொன்ன மற்றொரு விஷயத்தைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்தப் பண்டங்களை ஜன்மம் முழுவதும் விலக்கும்படி அவர்கள் சொல்லவில்லை. இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை விலக்கிப் பார். குணம் தெரிந்தால் ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துப் பார். எது எவ்வளவு வரையில் ஒத்துக்கொள்கிறது என்பதைக் குறித்துக்கொள் என்றே சொன்னார்கள். அதாவது கேள்வி 'எது?' என்பது மட்டும் அல்ல, 'எவ்வளவு?' என்பதும்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டவன் வயிற்றை மட்டுமா காயப்போடுகிறான்? உடம்பையும் உறவையும் சேர்த்துக் காயப்போடுகிறான்.

நான் மூன்று சுளை சாப்பிட்டேன். ஒவ்வொன்றாக, மென்று, பெரியவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. நான்காவது சுளையை அவர் நீட்டியபோது, "மூன்றின் ருசி நாக்கில் இருக்கிறது, நாலாவது அதைக் கெடுத்துவிடும்" என்றேன். "வாத்தியார் பேச்சு" என்று சிரித்துவிட்டு அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை அப்போது பதினாறாவதில் இருந்தார்.

அந்த வீட்டில் அடுப்பங்கரை ராஜ்யம் பெரியவருடைய தாயார் கையில் இருக்கிறது. தொண்ணூறை நெருங்கிய கிழவி. சூரியன் மறைந்ததும் ராச் சாப்பாடு ஆகிவிட வேண்டும் என்பது அந்த ராஜ்யத்தின் முதல் சட்டம். பகலில் பலாப்பழம் தின்றவர்களுக்கு அன்று இரவு பருப்பு இல்லை என்பது இரண்டாவது சட்டம். இலையில் குழைந்த சோறு, மிளகும் சீரகமும் போட்ட ரசம், புடலங்காய்ப் பொரியல், கடைசியில் கடைந்த மோர், இவ்வளவுதான் விழுந்தன. பலாக்கொட்டையை மட்டும் பாட்டி எனக்குப் பரிமாறவில்லை. "அது வாயு அப்பா, உனக்கு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பாட்டி மோனாஷ் சர்வகலாசாலையைக் கண்டதில்லை. ஆனாலும் அவளுடைய சட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்தச் சர்வகலாசாலை தள்ளுபடி செய்ய முடியாது. சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் படுக்கக்கூடாது என்று இப்போது வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆறரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கும் வீட்டில் இந்தப் புத்திமதி தேவையே இல்லை. பயறு வகைகளை ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடுகிறது. மாவைப் புளிக்க வைத்தாலும் அப்படியே. நமது இட்டிலி பத்தியக்காரனுக்கும் உகந்ததாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பாலில் உள்ள சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டியின் சட்டத்தைப் பணிவோடு திருத்தலாம். எரிச்சல் என்றால் ஒரு டம்ளர் பால் குடி என்கிறாள். பால் அப்போதைக்குக் குளுமை தருவது உண்மையே. ஆனால் சற்று நேரம் கழித்துத் தானே அமிலத்தைத் தூண்டவும் செய்கிறது. நெருப்பை அணைக்க வந்தவன் போகும்போது ஒரு கொள்ளியைப் போட்டுவிட்டுப் போன கதைதான்.

அன்று இரவு தலைப்பக்கத்துக் கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தேன். கட்டிலின் தலைமாடு ஒரு சாண் அளவு உயர்ந்திருந்தால் அமிலம் மேலே ஏறுவது குறைகிறது. தலையணையை அடுக்கினால் போதாது, கழுத்துத்தான் வளையும். இடது பக்கம் படுக்கும்போது இரைப்பை உணவுக் குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்து நிற்கிறது. மருந்துக் கடையில் கிடைக்காத மருந்துகள் இவை. மூன்று சுளை பலாப்பழத்தோடு நான் விடியும் வரை தூங்கினேன் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

மறு நாள் அதிகாலையில் பெரியவர் எங்களைத் திருவதிகைக்கு அழைத்துச் சென்றார். முப்புரம் எரித்த கதைக்கு உரிய அட்ட வீரட்டத் தலம் அது. கோபுர வாயிலின் இரு புறமும் நாட்டியக் கரணச் சிற்பங்கள். தேர் போன்ற அழகிய விமானம். உள்ளே பதினாறு பட்டைகளோடு ஒளிரும் பெரிய லிங்கத் திருமேனி. அப்பருக்கும் அவர் தமக்கையார் திலகவதியாருக்கும் அங்கே சந்நிதி உண்டு.

அந்தச் சந்நிதியில் நிற்கும்போது சேக்கிழார் சொல்லும் சரித்திரம் கண்முன் வருகிறது. ஏழாம் நூற்றாண்டு. பக்கத்துத் திருவாமூரிலே பிறந்த மருள்நீக்கியார் சமண சமயத்தைத் தழுவித் தருமசேனர் என்ற பட்டத்தோடு பாடலிபுரத்து மடத்திலே, அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரிலே, தலைவராக இருக்கிறார். வயிற்றில் சூலை நோய் பற்றுகிறது. மடத்தார் தங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்கிறார்கள். மயிற்பீலியால் தடவுகிறார்கள், மந்திர நீர் கொடுக்கிறார்கள். வலி தணியவில்லை. அப்போது அவர் தம் தமக்கையாரிடம் ஓர் ஆளை அனுப்புகிறார். யாரை அனுப்பினார் தெரியுமா? தமக்குச் சமைத்துப் போடும் ஆளை. தமக்கையார் அங்கே வர மறுக்கவே, தாமே இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அவர் காலில் விழுகிறார். தமக்கையார் திருநீறு கொடுத்து, விடியுமுன் திருக்கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பாடிய பதிகந்தான் நான்காம் திருமுறையின் முதற் பதிகம்.

சமயச் சண்டையை மீண்டும் கிளப்புவதற்காக இதை நான் எழுதவில்லை. சமண முனிவர்கள் தமிழுக்கும் வைத்தியத்துக்கும் செய்த தொண்டு பெரிது. என் மனத்தைத் தொட்டது வேறு. அவ்வளவு கல்வி கற்றவர், அவ்வளவு பெரிய மடத்துக்குத் தலைவர், வயிற்று வலி வந்ததும் சகோதரியை நினைக்கிறார். சமையற்காரர் தூது போகிறார். வயிற்று நோய் தனி மனிதனுடைய நோய் அன்று. அது ஒரு வீட்டின் நோய். அடுப்பங்கரையில் இருப்பவர்களின் ஒத்தாசை இல்லாமல் அது தீராது. எனக்காகத் தனி ரசம் வைக்கும் என் மனைவியை அந்தச் சந்நிதியிலே நினைத்துக்கொண்டேன்.

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "எங்கள் அண்ணனும் வயிற்றுக்காரன்தான் தம்பி" என்று ஆரம்பித்தார்.

"அவனுக்கு வாயு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றான். வேர்த்துக் கொட்டியது. இடது கை கடுக்கிறது என்றான். வாயுதானே என்று ஒரு சோடா கொடுத்தார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். ஏப்பம் விட்டான். இப்போது தேவலை என்று படுத்தான். காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். இத்தனைக்கும் ஆஸ்பத்திரி அரை மணி வழிதான்."

யாரும் பேசவில்லை. மைத்துனர் கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசகர்களே, இந்தக் கட்டுரையிலே மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 'வாயு' என்ற ஒரு சொல்லினாலே நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்திருக்கிறது. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், வியர்வை, மூச்சு முட்டல், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, இவை வந்தால் சோடாவும் இல்லை, சுக்கும் இல்லை. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே இருதயத் துடிப்பைப் பதிந்து பார்த்து வெறும் வாயுதான் என்று சொன்னால் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். அந்தச் சிரிப்புக்கு ஆகும் செலவு அதிகம் இல்லை.

இருதயம் மட்டும் அல்ல. விழுங்கும்போது அடைத்தல், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இரத்த சோகை இவற்றுள் எது இருந்தாலும் பத்தியத்தை நம்பிக்கொண்டு காலம் கடத்தக்கூடாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணிகளுக்குப் புதிதாக வயிறு உப்ப ஆரம்பித்து வாரக் கணக்கில் நீடித்தால், சினைப்பையையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கும் மாத்திரைகளில் சில இரைப்பையைப் புண்ணாக்கும்; அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

புண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று உலகம் வெகு காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் 1982-இல் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்று அதற்குப் பெயர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் இரண்டு வாரம் போல முறையாக மருந்து சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே மோர்ச் சோறு தோழனே தவிர வைத்தியன் அல்ல. நோய் இன்னதென்று தெரிந்த பிறகுதான் பத்தியம். தெரியாமல் இருக்கும் பத்தியம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

கோயிலிலிருந்து திரும்பும்போது கெடிலத்தின் கரையில் சற்று நின்றோம். கோடையாதலால் ஆறு மணலாகக் கிடந்தது. நடுவிலே ஒரு சிறு நீரோட்டம் மட்டும் இருந்தது. மழைக் காலத்தில் இதே ஆறு கரை புரண்டு ஓடும் என்றார் பெரியவர். இரைப்பையும் இப்படித்தான். அமிலமே இல்லாவிட்டால் ஜீரணம் இல்லை. கரை மீறினால் சுகம் இல்லை. ஆற்றின் மேல் கோபித்துக்கொண்டு பயன் என்ன? கரையைக் கவனிக்க வேண்டியதுதான்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, அதில் பெரும் பகுதியை உணவைப் பற்றிப் பேசுவதற்கே செலவிட்டிருக்கிறார். முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்துப் பிறகு உண்பவனுக்கு மருந்து எதற்கு என்பது அவர் கேட்கும் கேள்வி. என் நோட்டுப் புத்தகம் ஏழு மாத காலம் சிரமப்பட்டுக் கண்டுபிடித்திருப்பதும் அதையேதான். என்ன விசேஷம் என்றால், அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். புத்தகம் எனக்கென்று தனியாகச் சொல்கிறது. எனக்கு மிளகாய் குற்றவாளி அல்ல. இரவு ஒன்பதரை மணிச் சாம்பார் குற்றவாளி. உங்கள் வீட்டில் வேறு யாராவது இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரருடைய பத்தியத்தைக் கடன் வாங்காதீர்கள். நாலணா நோட்டுப் புத்தகம் என்று எழுத ஆசைதான். இப்போது இருபது ரூபாய் ஆகிறது. ஒன்று வாங்கி நாலு வாரம் எழுதிப் பாருங்கள். அதற்குள் வயிறு வாயைத் திறந்துவிடும்.

வைகாசியில் பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் அவசியம் திருவதிகைக்கும் போய் வாருங்கள். பலாப்பழமும் சாப்பிடுங்கள். மத்தியான வேளையில், பசித்த பிறகு, நல்ல மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எத்தனை சுளை என்பதை மட்டும் வியாபாரியிடமும் கேட்காதீர்கள், என் மைத்துனரிடமும் கேட்காதீர்கள்.